நார்மல் கணுக்கால்

1

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது இல்லை. எழுதச் சொன்னது என் மனைவி. அவளுக்கு வேண்டியிருந்ததும் கதை இல்லை. தன் அண்ணனிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் ஐந்து வாரமாக அவள் தொண்டையில் அடைத்துக்கொண்டு நின்றது. அண்ணனுக்குக் கணுக்காலில் அறுவை சிகிச்சை என்று நாள் குறித்தாகிவிட்டது, ஒரு வாரம்தான் பாக்கி. "நீங்க எழுதறவர்தானே. எப்படிச் சொல்றதுன்னு நாலு வரி எழுதிக் குடுங்க. மனப்பாடம் பண்ணிட்டுப் போய்ச் சொல்லிடறேன்" என்றாள்.

பதினெட்டு வருஷமாக லீவு நாட்களில் கதை எழுதுகிறவன் நான். நாலு வரி என்ன பிரமாதம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக இது வந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் தைரியம் வராது. அவள் அழுதுகொண்டே நடந்ததைச் சொல்லி முடித்தபோது எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. 'நல்ல கதை' என்றுதான் தோன்றியது. உடனே வெட்கமாக இருந்தது என்பதும் உண்மை. ஆனால் எது முதலில் வந்தது என்பதை மாற்றி எழுத முடியாது.

2

தொடக்கங்கள்.

[கைவிட்டது: மனித உடலில் இருநூற்றாறு எலும்புகள் உள்ளன. அவற்றுள் மிகவும் அடக்கமானது—] பள்ளிக்கூடக் கட்டுரை. எலும்புக்கு என்ன அடக்கம், என்ன ஆணவம்.

[கைவிட்டது: அன்று காலையிலிருந்தே வானம் இருண்டு—] வானத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நடந்தது ஜன்னல் இல்லாத ஒரு அறையில்.

[வைத்துக்கொண்டது:] அவளுடைய அண்ணன் ஏணியிலிருந்து விழுந்தபோதும் கையிலிருந்த டைல்ஸை விடவில்லை.

இது நடந்தது. அவருக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை. சுவரில் மேல்வரிசை ஒட்டிக்கொண்டிருந்தார். ஏணி சறுக்கியது. டைல்ஸை எறிந்துவிட்டுச் சுவரைப் பிடித்திருக்கலாம். இரண்டு கையாலும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வலது காலில் இறங்கினார். பிறகு எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னார்: "டைல்ஸுல ஒரு கீறல் இல்ல, தெரியுமா?"

(இந்த அண்ணன் மேல் எனக்கு ஒரு சந்தேகம். இப்படியே எழுதிக்கொண்டு போனால் தங்கமான மனுஷன் ஆகிவிடுவார், நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆகவே சொல்கிறேன்: ஆள் ஒரு பிடிவாதக்காரர். யார் வீட்டுக்குப் போனாலும் தரையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "அடியில காலியா இருக்கு" என்று வீட்டுக்காரர் முகத்துக்கு நேராகச் சொல்வார். எங்கள் கல்யாணத்தில் மண்டபக்காரரை இழுத்து வைத்து மேடையின் வாட்டம், அதாவது தரையின் சரிவு, தப்பு என்று அரைமணி நேரம் பாடம் எடுத்தார். ஒருமுறை நாங்கள் ஊரில் இல்லாதபோது எங்கள் குளியலறைத் தரையைப் பெயர்த்துவிட்டு, கேட்காமலே புதிதாகப் போட்டார். நான் இரண்டு மாதம் அவரோடு பேசவில்லை. தண்ணீர் இப்போது ஒழுங்காக ஓடுகிறது, அது வேறு விஷயம்.)

3

இனி அவள் அறை.

மருத்துவமனையின் அடித்தளத்தில், எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், நான்கு கம்ப்யூட்டர்கள். படம் பார்க்கும் டாக்டர் மேல்மாடியில் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகப் பார்த்து, கண்டதை ஒலிப்பதிவில் பேசிவிடுவார். பதிவு கீழே வரும். இவர்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, காலடியில் இருக்கும் பெடலை அழுத்தி நிறுத்தி நிறுத்திக் கேட்டு, ரிப்போர்ட்டாக அடிப்பார்கள். நாளைக்கு எண்பது, தொண்ணூறு. எல்லாவற்றையும் முதலிலிருந்து அடித்தால் கை கழன்றுவிடும். அதனால் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு 'நார்மல்' தயாராக இருக்கும். நார்மல் நெஞ்சு, நார்மல் முதுகு, நார்மல் கணுக்கால். எந்தக் கோளாறும் இல்லாத ஒரு மனிதரின் ரிப்போர்ட். அதைத் திறந்து, டாக்டர் சொல்கிற கோளாறை மட்டும் உரிய வரியில் மாற்றினால் போதும்.

(எந்தக் கோளாறும் இல்லாத அந்த மனிதருக்கு அவர்கள் 'நார்மல் ஐயா' என்று பெயர் வைத்திருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாள்கூட ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை என்பது அந்த அறையின் நிரந்தர நகைச்சுவை.)

படம் பார்க்கும் டாக்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. "மத்ததெல்லாம் நார்மல்" என்று முடித்துவிட்டு, பதிவை நிறுத்தாமல் படத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். பத்து விநாடி, இருபது விநாடி சத்தமே இருக்காது. பெரும்பாலும் அப்படியே 'டக்'கென்று பதிவு நின்றுவிடும். எப்போதாவது ஒருமுறை மறுபடி பேசுவார். ஆகவே 'டக்' சத்தம் கேட்கும்வரை ஹெட்போனைக் கழற்றக்கூடாது என்பது அந்த அறையில் முதல் நாளே சொல்லித் தருகிற பாடம். புதிதாக வந்தவர்களுக்கு அதைச் சொல்லித் தருவது அவள்தான். இன்னொரு விதி: ஒருவர் அடித்ததைப் பக்கத்து இருக்கைக்காரி பதிவோடு ஒருமுறை ஒத்துப் பார்த்த பிறகுதான் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அண்ணன் விழுந்த அன்று மத்தியானம் அவளுக்கு போன் வந்தது. "சில்லு, மேல ஹால்லதான் உக்காந்திருக்கேன். படம் எடுத்தாச்சு. அவசரமில்ல, நீ உன் வேலையப் பாரு." சில்லு என்பது அவர் அவளுக்கு வைத்த பெயர். மூலையில் இடம் மிஞ்சும்போது வெட்டிப் போடுகிற சின்ன டைல்ஸ் துண்டு.

அவசரமில்லை என்று அவர் சொன்னதாலேயே அவளுக்கு அவசரமாகிவிட்டது. அவர் பதிவுக்கு முன்னால் முப்பத்திநாலு பேர் இருந்தார்கள். அவள் அண்ணனுடையதை உருவி மேலே வைத்தாள். அந்த அறையில் பன்னிரண்டு வருஷத்தில் வரிசையை மாற்றியது அந்த ஒருமுறைதான்.

நார்மல் கணுக்காலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டாள். வீக்கம் உண்டு என்றார் டாக்டர். மாற்றினாள். இந்த எலும்பு சரி, அந்த எலும்பு சரி. "மத்ததெல்லாம் நார்மல்."

ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

அப்பாடா என்று இருந்ததாம். வேறு ஒருவர் காலாக இருந்தால் கழற்றியிருக்கமாட்டாள். பக்கத்து இருக்கைக்காரி டீ குடிக்கப் போயிருந்தாள். யாரையும் கேட்காமல் அச்சில் எடுத்து, தானே மூன்று மாடி ஏறி ஓடினாள். டாக்டர் நடைவழியில் எதிரே வந்தார். தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். படிக்கவில்லை. அவள் அடித்ததை அவர் எப்போதுமே படித்ததில்லை, அவ்வளவு நம்பிக்கை.

கீழே ஹாலில் அண்ணன் வீங்கிய காலை எதிர் நாற்காலியில் நீட்டியபடி ஹாலின் தரையை முறைத்துக்கொண்டிருந்தார். "சுளுக்குதான் அண்ணா, எலும்புக்கு ஒண்ணுமில்ல" என்று முதலில் சொன்னதும் அவள்தான்.

4

[கைவிட்டது: விதி என்பது—] வேண்டாம். இதில் விதிக்கு வேலை இல்லை.

அண்ணன் நாலாம் நாளே வேலைக்குப் போனார். கட்டுத் துணியைச் சுற்றிக்கொண்டு எட்டு மாதம் குந்தி உட்கார்ந்து தரை போட்டார். வலித்தது. சுளுக்கு என்றால் வலிக்கத்தானே செய்யும் என்று மாத்திரை போட்டுக்கொண்டார். ஒன்பதாவது மாதம் கால் ஊன்ற முடியாமல் வந்தபோது பெரிய ஸ்கேன் எடுத்தார்கள்.

எலும்பு செத்திருந்தது.

எலும்பு சாகும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கீழ்க்கால் எலும்புக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவில் தாலஸ் என்று ஒரு சிறிய எலும்பு இருக்கிறது. உடம்பின் மொத்த பாரமும் அதன் தலையில்தான் இறங்குகிறது. ஆனால் அதற்கு இரத்தம் போகிற வழி குறுகல். அந்த எலும்பின் கழுத்துப் பக்கம் கீறல் விழுந்தால் அந்த வழி அறுந்துவிடலாம். அப்போதே கட்டுப் போட்டு, காலைத் தரையில் வைக்காமல் இருந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதன் மேல் எட்டு மாதம் குந்தி உட்கார்ந்தால் அது உள்ளேயே நொறுங்கி உட்கார்ந்துவிடும்.

எலும்பு டாக்டர் பழைய ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். "அன்னிக்கு முறிவு இல்லன்னுதான் இருக்கு. அப்புறம் வேலை செய்யும்போது எங்கேயோ மறுபடி அடி பட்டிருக்கும். ரெஸ்ட் எடுத்திருக்கணும் நீங்க" என்றார்.

அண்ணி பிடித்துக்கொண்டாள். "தலைபாடா அடிச்சிக்கிட்டேனே, ஒரு மாசம் வீட்டுல கிடன்னு. கேட்டாரா இந்த மனுஷன்? இப்ப யாரு அனுபவிக்கறது?" அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவர் யாரிடமும் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.

அவள் அன்று மாலை அடித்தளத்துக்குப் போய்ப் பழைய பதிவைத் தேடி எடுத்தாள். "மத்ததெல்லாம் நார்மல்." அதற்கப்புறம் சத்தம் இல்லை. பதினாறு விநாடி. பிறகு டாக்டரின் குரல்: "ஒரு நிமிஷம். தாலஸ் கழுத்துல மெல்லிசா ஒரு கீறல் தெரியுது. சேர்த்துக்கங்க. காலை ஊனவே கூடாது."

'டக்.'

பதிவுகளை ஒரு வருஷம்தான் வைத்திருப்பார்கள். அப்புறம் தானாக அழிந்துவிடும். இதைக் கேட்டது உலகத்தில் அவள் ஒருத்தி. அவள் சொல்லி, நான்.

5

நாலு வரியின் வரைவுகள்.

ஒன்று: "அண்ணா, உங்க கால் விஷயத்துல ஒரு சின்னத் தவறு நடந்துபோச்சு."

அவள் படித்துவிட்டு, "அவனை நான் எப்பங்க 'உங்க'ன்னு பேசியிருக்கேன்? அதுவும் சின்னத் தவறாம். செத்தது என்ன, மூட்டைப்பூச்சியா?" என்றாள்.

இரண்டு: டாக்டரின் பழக்கத்திலிருந்து தொடங்கி, அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டது வரை விவரமாக எழுதினேன். நியாயமாகவும் இருந்தது. "எல்லாம் நெஜந்தான். ஆனா கேக்கறதுக்கு அவர் தலையில கட்டற மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மூன்று: இதில் கொஞ்சம் கண்ணீர் விட்டிருந்தேன். 'இந்தப் பாவியை மன்னிச்சிரு' என்றெல்லாம் வரும். அவள் அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். "இதைச் சொன்னா, அவன் எழுந்து உக்காந்து என்னைச் சமாதானப்படுத்த ஆரம்பிச்சிடுவான். கால் போனது அவனுக்கு. ஆறுதல் எனக்கா?"

பதினெட்டு வருஷத்தில் என் எழுத்தைப் பற்றி யாரும் இவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

நான்கு: "பதிவு முடியறதுக்குள்ள நான் ஹெட்போனைக் கழட்டிட்டேன். உன் முறிவு மீதியில இருந்துச்சு. நீ ரெஸ்ட் எடுக்காததால இது வரல." இதை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

6

அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் சாயங்காலம், வார்டில் நான்காவது கட்டில். நானும் போயிருந்தேன்.

எலும்பு டாக்டர் வந்து விளக்கினார். திறந்து பார்ப்போம், செத்த பகுதியைச் சுரண்டி எடுப்போம். மிச்சம் தேறுகிற மாதிரி இருந்தால் முழங்காலின் உள்பக்கத்திலிருந்து ஒரு துண்டு எலும்பை அதன் இரத்தக்குழாயோடு சேர்த்து எடுத்து, இங்கே பதித்து, குழாயைக் கணுக்கால் குழாயோடு தைத்துவிடுவோம். தேறாது என்றால் மூட்டையே ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டியதுதான். வலி போகும், மூட்டு மடங்காது.

அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார். "குந்தி உக்கார முடியுமா, டாக்டர்?"

"முதல்ல சொன்னது நடந்தா ஓரளவுக்கு. ரெண்டாவதுன்னா முடியாது."

"குந்தி உக்காராம தரை போட முடியாதே" என்றார் அண்ணன், டாக்டருக்கு அது தெரியாதோ என்பதுபோல.

டாக்டர் போனதும் நர்ஸ் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்தார். ஆறு பக்கம். அண்ணன் அதைத் தொடவே இல்லை. "சில்லு, நீ படி. நீ படிச்சு சரின்னு சொன்னா நான் போட்டுடறேன். உன் காதுக்கும் கண்ணுக்கும் ஒண்ணு தப்பாது" என்றார்.

அவள் வாய்விட்டுப் படித்தாள். கிருமி தொற்றலாம். குழாய் அடைத்துக்கொள்ளலாம். வைத்த எலும்பும் சாகலாம். ஒரு வரி விடவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் பயந்துபோய்த் திரும்பிப் படுத்துக்கொண்டார். கடைசிப் பக்கம் முடிந்ததும் அவள் நிறுத்தினாள். கை தானாகக் கைப்பையின் ஜிப்பைத் திறந்தது.

அவள் எடுத்தது பேனா.

பஸ்ஸில் திரும்பும்போது, "நாளைக்குக் காலைல கத்தி வைக்கப்போறாங்க. இன்னிக்கு அவன் நிம்மதியா தூங்கட்டும்னு நெனச்சேன்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "பொய். எனக்குப் பயமா இருந்துச்சு" என்றாள்.

7

ஆறு மணி நேரம் ஆயிற்று. டாக்டர் களைத்துப்போய் வெளியே வந்தார். முழங்கால் துண்டைப் பதித்தாயிற்று. தலைமயிரைவிட மெல்லிய நூலால் குழாயைத் தைத்தாயிற்று, இரத்தம் போகிறது. பிழைக்குமா என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். அதுவரை அந்தக் கால் தரையில் படக்கூடாது.

இந்த இடத்தில் ஒரு கதை முடிய வேண்டும். மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

(அ) அவள் சொல்கிறாள். அவர் அவள் தலையைத் தடவி, 'விடு சில்லு' என்கிறார். எழுதி முடித்ததும் எனக்கே கூச்சமாக இருந்தது. எட்டு மாத வலியையும் ஒரு மனிதனின் பிழைப்பையும் ஒரு தடவலில் முடித்துவைக்க எனக்கு என்ன உரிமை?

(ஆ) அவள் சொல்கிறாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார், அப்புறம் அவளோடு பேசுவதே இல்லை. இது நடக்கலாம். இதை நினைத்துத்தான் அவள் தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள்.

(இ) அவள் சொல்லவில்லை. பதிவு அழிகிறது. எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள், அவர் மட்டும் சாகும்வரை தன்னைத்தானே திட்டிக்கொண்டு இருக்கிறார். உண்மையில் இப்போது நடந்துகொண்டிருப்பது இதுதான். எதுவும் செய்யாமல் இருந்தால் தானாக வந்து சேர்கிற முடிவு.

வழக்கமாக என்னைப் போன்றவர்கள் இந்த இடத்தில் மூன்றையும் உங்கள் முன்னால் வைத்து, 'வாசகரே, உங்கள் விருப்பம்' என்று கையைக் கழுவிவிடுவோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

8

அண்ணன் வீடு இரண்டாம் மாடி. படி ஏற முடியாது என்பதால் எங்கள் வீட்டு முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறோம். ஒன்பது வாரம் ஆயிற்று. காலை இரண்டு தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். மெலிந்துவிட்டார். தரையை எட்டித் தட்டிப் பார்க்க ஆசைப்படுவதுகூட இல்லை.

போன வாரம் அவள் அவருக்கு உடம்பு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவர் சொன்னார்: "என்னாலதான உங்களுக்கெல்லாம் இந்தப் பாடு. என் புத்திய செருப்பால அடிக்கணும். அன்னிக்கே நீ சொன்ன மாதிரி சுளுக்குன்னு ரெண்டு வாரம் படுத்திருந்தா இவ்வளவு வந்திருக்காது. என்னை மன்னிச்சிரு, சில்லு."

அவள் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். தண்ணீரைக் கொட்டும் சத்தம் கேட்டது, பிறகு குழாயை முழுதாகத் திறந்துவிடும் சத்தம். அந்தச் சத்தத்துக்குள் அவள் அழுதாள். எனக்கு ஆத்திரம் வந்தது. அவள் மேலா, என் மேலா, தெரியவில்லை. தவறு செய்தவளிடம் பாதிக்கப்பட்டவன் மன்னிப்புக் கேட்கிறான், நான் அடுத்த அறையில் உட்கார்ந்து அதைக் கதையாக எழுதிக்கொண்டிருக்கிறேன். இதைவிடக் கேவலமான உத்தியோகம் இல்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து மணி. அவர் கூப்பிட்டார். "மாப்ள, அங்க என்ன ரெண்டு மாசமா கிறுக்கிட்டே இருக்கீங்க? கதையா?"

"ஆமாம்."

"எதைப் பத்தி?"

நான் தாள்களை அடுக்கினேன்.

"கொண்டாங்க, படிச்சுக் காட்டுங்க. பொழுதே போகல. உங்க கதை எனக்குப் புரியாதுதான், பரவால்ல."

அவள் வாசற்படியில் நின்றிருந்தாள், ஈரக் கையோடு. என்னைப் பார்த்தாள். இதுவரை நீங்கள் படித்த தாள்கள் என் கையில் இருந்தன. அவற்றில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். ஏழாவது பகுதி வரை எழுத எழுத அவளிடம் காட்டியிருக்கிறேன். ஒளித்து வைக்கச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, தாள்களை வாங்கிக்கொண்டாள்.

"அவர் வேணாம், அண்ணா. நான் படிக்கறேன்."

இந்தக் கடைசிப் பத்திகளைத் தனித் தாளில், சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று எழுதுகிறேன். மற்றதெல்லாம் அவளிடம். ஆகவே, வாசகரே, முடிவை உங்களிடம் தர முடியாததற்கு மன்னிக்கவும். இந்தக் கதைக்கு உங்களுக்கு முன்னால் ஒரு வாசகர் வந்துவிட்டார், உரிமை அவருடையது.

அவள் தலைப்பைப் படித்தாள். அண்ணன் சிரித்தார். முதல் பகுதி முடிவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டாம் பகுதியில் குளியலறைத் தரையைப் பற்றி வரும் இடத்தில் அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மூன்றாம் பகுதி. அவள் வரி விடாமல் படிக்கிறாள். முப்பத்திநாலு பேர். நார்மல் கணுக்கால். மத்ததெல்லாம் நார்மல். ஹெட்போனைக் கழற்றிவிட்டாள்.

அங்கே நின்றுவிட்டாள். தாள் புரளவில்லை. கட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது. உள்ளே போகலாமா என்று கதவில் கை வைத்தேன்.

"ம்" என்றார் அண்ணன். "மேல படி."